மகள் எங்களைக் கப்பலேற்றிய காரணம்

காரணம் இல்லாமல் யாராவது எனக்கு நல்லது செய்தால் முதலில் எனக்குச் சந்தேகம்தான் வரும். பிறவிக்குணம். கணவர் பூ வாங்கிக்கொண்டு வந்தால் காரை எங்கேயோ இடித்திருக்கிறார் என்று அர்த்தம். மிசிசாகாவில் இருக்கும் என் தங்கை தானாகவே போனில் கோல் எடுத்து “அக்கா, சுகமோ” என்று கேட்டால் அவளுக்கு அந்தக் கிழமை ரோல்ஸ் சுட்டுத்தர ஆள் தேவைப்படுகிறது. ஆகவே கொரோனா வந்து இரண்டாவது இலையுதிர் காலத்தில், என் மகள் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்து, உங்களையும் அப்பாவையும் ஐரோப்பாவுக்கு ஆற்றுக் கப்பல் பயணம் அனுப்பப் போகிறேன் என்று சொன்னபோது, நான் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்தேன்.

ஊர் உலகம் இன்னும் மாஸ்க்கோடு திரிந்த நேரம் அது. டொரன்டோவின் டோர்செட் பார்க்கில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் லிஃப்டுக்குள் இரண்டு பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று ஒட்டியிருந்தார்கள். யாராவது இருமினால் மற்றவர் தன் மாடி வந்துவிட்டதுபோல அடுத்த மாடியிலேயே இறங்கி விடுவார். நான் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் ஒரு கிச்சினில் மிசிசாகாவில் வேலை செய்தவள். விமானம் நின்றதோடு என் வேலையும் நின்றது. கணவர் கதவு செய்யும் ஃபக்டரியிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். மகளுக்கு முப்பத்து மூன்று வயது, கலியாணம் ஆகவில்லை. டவுன்டவுனில் இருந்த அவளுடைய ஒஃபிஸைப் பூட்டிவிட்டார்கள், அறைக்குள் இருந்தே வேலை. இரண்டு அறை வீட்டில் ஒன்றரை வருடமாக நாங்கள் மூன்று பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் சுவாசித்துக்கொண்டு இருந்தோம்.

இந்த நிலைமையில் கப்பல் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? நான் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். பயணம் போக ஆளில்லாமல் விலை விழுந்துவிட்டதாம். இரண்டு ஊசியும் போட்டவர்களை மட்டும்தான் ஏற்றுவார்களாம். தினமும் சோதிப்பார்களாம். கப்பல் பாதி காலியாக இருக்குமாம். அப்பாவுக்குக் கடல் பயம் என்றேன். “இது கடல் இல்லையம்மா, ஆறு. ரெண்டு பக்கமும் கரை தெரியும்” என்றாள். நான் கேள்வியை முடிக்குமுன்னரே பதில் வந்தது. பதிலை இவ்வளவு ஆயத்தமாக வைத்திருப்பவர் அதை முன்னரே ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் ஆட்கள் ஐரோப்பா போவதென்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. லண்டனில் ஒரு வீடு, பாரிசில் ஒரு வீடு, ஜெர்மனியில் ஒரு வீடு. அந்தந்த வீட்டு சோஃபாவில் இருந்து இடியப்பம் சாப்பிட்டு, அவர்களுடைய கலியாண வீடியோ பார்த்து, நகை வாங்கிக்கொண்டு திரும்புவது. சொந்தக்காரர் இருக்கும் நாட்டில் போய்க் கப்பலில் படுத்தவர் ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. ஏன், ஜெர்மனியில் அப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் போய் நிற்கலாமே என்றேன்.

“அங்க போனா நீங்கள் ரெண்டாம் நாளே மாமியோட சண்டை கொழுவிப்போட்டு டிக்கெட்டை மாத்திக்கொண்டு வந்திடுவியள். கப்பல் எண்டா இடையில வரேலாதெல்லோ” என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். நாங்கள் ஐரோப்பா போகவேண்டும் என்பதல்ல அவளுடைய தேவை. நாங்கள் இடையில் திரும்பி வரக்கூடாது.

எங்கள் கட்டடத்தில் ஒரு குடும்பம் இருந்தது. தாயும் தகப்பனும் கோயில்களுக்கென்று இந்தியா போய்த் திரும்பி வந்தபோது மகளின் அறையில் கட்டில்கூட இல்லை. அவள் பார்க்டேல் பக்கம் ஓர் அப்பார்ட்மென்ட் எடுத்துப் போய்விட்டாள். அந்த அம்மா பிறகு ஒரு வருடம் லோன்ட்ரி அறையில் யாரோடும் கதைக்கவில்லை. எனக்கு வந்த பயம் இதுதான். நான் திரும்பி வரும்போது என் மகள் அந்த வீட்டில் இருக்கமாட்டாள். தனியாகப் போவாளோ, ஒரு பெடியனோடு போவாளோ, அது இரண்டாவது கேள்வி. போய்விடுவாளோ என்பதுதான் என்னை அரித்தது.

அப்படியானால் போகமாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கணவர் முந்திக்கொண்டார். ஒரு தண்ணீர்க் குழாய் மாற்றுவதற்கே ஒரு மாதம் யோசிக்கும் மனுஷன், கப்பல் என்றதும் “ஓம், போவம்” என்றார். அவருக்கும் இதில் பங்கிருக்கிறது என்று அப்போதே தெரிந்துகொண்டேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து எனக்குக் காது குத்துகிறார்கள். சரி, குத்தட்டும், நானும் பார்க்கிறேன் என்று வெளிக்கிட்டேன்.

ஆனால் சும்மா வெளிக்கிடவில்லை. வீட்டில் இருந்த பெரிய சூட்கேஸ்கள் எல்லாவற்றையும் எங்களுக்கே எடுத்தேன். ஒன்றுக்குள் இரண்டு துவாயும் ஒரு தலையணையும் மட்டும் வைத்துப் பூட்டினேன். பெட்டி இல்லாமல் எப்படிப் போவாள்? ஃப்ரீசரை மேலிருந்து கீழ்வரை கறிப் பெட்டிகளால் நிரப்பினேன், சாப்பாட்டைச் சாட்டாக வைத்து ஒருவரும் வெளியே கூப்பிடாமல் இருக்க. கடைசியாகத் தங்கைக்குக் கோல் எடுத்து, ஒரு மீன்கறியோடு போய் வீட்டை ஒருக்கால் எட்டிப் பார்க்கச் சொன்னேன். எங்கள் ஆட்களுக்கு வேவு பார்க்கக் கருவி தேவையில்லை. கையில் ஒரு கறிச்சட்டி இருந்தால் எந்த வீட்டுக் கதவும் திறக்கும்.

ஆம்ஸ்டர்டாமில் ஏறி ரைன் நதி வழியாக சுவிஸில் பாசலில் இறங்குவது எங்கள் பயணம். கப்பலில் கால் வைத்ததும் நெற்றியில் ஒரு துவக்கை நீட்டிக் காய்ச்சல் பார்த்தார்கள். ஒவ்வொரு காலையும் ஒரு குழாய்க்குள் துப்பிக் கொடுக்க வேண்டும். முடிவு வரும்வரை எல்லோரும் மற்றவரைக் கள்ளப் பார்வை பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சாப்பாட்டு மேசையில் ஒருவர் தும்மினால் பக்கத்து மேசை பாதித் தட்டோடு எழும்பும். உண்மையைச் சொல்கிறேன், இவ்வளவு சந்தேகக்காரர்களை ஓரிடத்தில் நான் முன்பு கண்டதில்லை. மனதுக்கு இதமாக இருந்தது.

எங்களைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள். முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் ஒரு கிழவி எங்களைக் கண்டதும் கதிரையைத் தள்ளிப் போட்டாள். நிறத்துக்காகத் தள்ளினாளோ கொரோனாவுக்காகத் தள்ளினாளோ தெரியவில்லை. மாஸ்க் போட்ட முகத்தில் அதைப் பிரித்துப் பார்க்க முடியாது. நானும் என் கதிரையைத் தள்ளிப் போட்டேன்.

கணவருக்கும் எனக்கும் சொந்தமாக ஒரு சோதனை இருந்தது. நான் கொண்டு போயிருந்த சம்பல் போத்தலைக் காலையில் எழும்பியதும் திறந்து இருவரும் மணந்து பார்ப்போம். மணம் தெரிந்தால் கொரோனா இல்லை. குழாயில் துப்புவதைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை. அறை துடைக்க வரும் பெண் இரண்டாம் நாளிலிருந்து இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தாள்.

கரையில் மலையும் கோட்டையும் திராட்சைத் தோட்டமும் வந்து வந்து போயின. எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு டொரன்டோவில் விடியும்வரை காத்திருந்தேன். அங்கே விடிந்ததும் மகளுக்கு வீடியோ கோல் எடுப்பேன். முதலில் அவள் போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு கதைத்தாள். மூக்கும் நெற்றியும்தான் தெரிந்தன. வீட்டைக் காட்டாமல் கதைக்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அடுத்த முறை அவள் தண்ணீர் எடுக்கத் திரும்பியபோது பின்னால் பார்த்தேன். சோஃபா இருந்த இடத்தில் சோஃபா இல்லை. டீவியின் வயரைக் கழற்றி மேலே சுற்றி வைத்திருந்தது. யன்னல் திரைச்சீலைகள் முழுவதுமாகத் திறந்து கிடந்தன. சோஃபா எங்கே என்று கேட்டேன். யன்னல் பக்கம் இழுத்துவிட்டதாகச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். சும்மா என்றாள். பிறகு கதைப்போம் என்று வைத்துவிட்டாள்.

சாமான் ஏற்றத் தொடங்கிவிட்டாள் என்று கணவரிடம் சொன்னேன். பெட்டி இல்லாததால் முதலில் தளபாடத்தை இறக்குகிறாள். அவர் கரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

கப்பல் கொலோனில் நின்றது. அங்கேதான் அந்த ஒன்றுவிட்ட அக்கா இருப்பது. நாங்கள் வந்ததை அவருக்குச் சொல்லவே இல்லை. ஊருக்குள் வந்து வீட்டுக்கு வராமல் போனார்கள் என்ற கதை பிடித்தால் எங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரைக்கும் அது ஓடும். ஆகவே கறுப்புக் கண்ணாடியும் மாஸ்க்கும் தொப்பியும் போட்டுக்கொண்டு, தேவாலயத்தை அண்ணாந்து பார்க்கும் கூட்டத்துக்குள் ஒளிந்து நின்றேன். பின்னாலிருந்து ஒரு பெடியன், “அன்ரி, கனடாவோ?” என்றான். அந்தக் குரலை எனக்கு முன்பின் தெரியாது. ஆனால் ஆள் எங்கே இருந்து வந்தது என்பதைச் சப்பாத்தை வைத்தே சொல்லக்கூடியவர்கள் எங்கள் ஆட்கள். விளங்காததுபோல நடந்துவிட்டேன். அவன் யார் வீட்டுப் பிள்ளையோ, யாருக்குச் சொல்லியிருப்பானோ என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கணவரும் ஒழுங்காக இல்லை. காலைச் சாப்பாடு முடிந்ததும் மேல்தளத்துக்குப் போய்விடுவார். விட்ட சிகரெட்டைத் திரும்பப் பிடிக்கிறாரோ, அல்லது மகளோடு இரகசியமாகக் கதைக்கிறாரோ என்று ஒருநாள் பின்னால் போனேன். குளிரில் ஜக்கெட் பொக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு, கரி ஏற்றிப் போகும் நீளப் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்றேன். ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாததை இவ்வளவு நேரமாகப் பார்க்க ஏலுமோ என்றேன். “நீர் போய்த் தேத்தண்ணியைக் குடியும். நான் பிறகு வாறன்” என்றார். நான் போகவில்லை. பக்கத்தில் இருந்து, டொரன்டோவில் என்ன நடக்கிறது என்று நான் ஊகித்ததையெல்லாம் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அவருக்கு விளங்கப்படுத்தினேன்.

அன்று இரவு தங்கையின் கோல் வந்தது. அவள் மிசிசாகாவிலிருந்து நாலு-பூச்சியம்-ஒன்பது நெடுஞ்சாலையில் வழக்கம்போல வழி மாறி, எப்படியோ மீன்கறியோடு வீட்டுக்குப் போய்விட்டாள். கீழே வாசலில் நின்று பெல்லை அழுத்த அழுத்த நெடுநேரம் பதில் இல்லையாம். மேலே போனால் மகள் கதவைப் பாதி திறந்து சட்டியை வாங்கினாளாம். உள்ளே வா என்று சொல்லவில்லையாம். கிழமை நாள், பட்டப்பகல், தலை வாரி இழுக்காமல் இரவு உடுப்போடு நின்றாளாம். வேலைக்கு லீவு போட்டிருக்கிறேன் என்றாளாம். லீவா? எனக்கு ஒரு சொல் சொல்லவில்லையே. உள்ளே யாராவது இருந்தார்களா என்று கேட்டேன்.

“ஒரு சத்தமும் இல்லை அக்கா. டீவி இல்லை, பாட்டு இல்லை, ஒண்டும் இல்லை. கதவிடுக்கால எட்டிப் பாத்தா சிங்குக்குள்ள ஒரு கோப்பைதான் கிடந்தது. மற்றக் கோப்பையைக் கழுவி ஒளிச்சுப்போட்டாள் எண்டு நினைக்கிறன்.”

நானும் அதையேதான் நினைத்தேன். ஆளில்லாத வீட்டில் சத்தமில்லை என்றால் சரி. ஆள் இருக்கும் வீட்டில் சத்தமில்லை என்றால் அங்கே என்னவோ நடக்கிறது.

பாசலுக்குக் கிட்ட வரும்போது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கனடாவுக்குள் விட மூக்குக்குள் குச்சி விட்டு இன்னொரு சோதனை. அதில் பிடிபட்டால் அங்கேயே ஹோட்டலில் பூட்டிவைப்பார்கள். நான் பூட்டிக் கிடக்க அவள் சாவகாசமாக வீடு மாறுவாள். முடிவு வரும்வரை தெரிந்த தேவாரம் எல்லாம் சொன்னேன். கொரோனா இல்லை என்று வந்ததும் கணவரின் முகம் கொஞ்சம் வாடினதுபோல எனக்குப் பட்டது. கேட்டால் களைப்பு என்றார்.

விமான நிலையத்தில் மகள் நின்றாள். மாஸ்க்குக்கு மேலே கண் சிரித்தது. ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். கட்டிப்பிடிக்கும் பிள்ளை அல்ல அவள். முகம் நன்றாகத் தெளிந்திருந்தது, கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பைக் காணவில்லை. நான்கு-பூச்சியம்-ஒன்று நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். பிள்ளை சந்தோஷமாக இருக்கிறாளே என்று ஒரு தாய் மகிழ்ந்திருக்க வேண்டும். யார் தந்த சந்தோஷம் என்றுதான் நான் யோசித்தேன்.

வீடு இருந்தபடியே இருந்தது. சோஃபா பழைய இடத்துக்கு வந்திருந்தது. கார்பெட்டில் யன்னலோரம் நான்கு பள்ளம் மட்டும் மிச்சம். நான் பெட்டியைத் திறக்குமுன் தேடத் தொடங்கினேன். குளியலறை வடிகால், குப்பை வாளி, பால்கனி, கட்டிலுக்குக் கீழே. வேறு தலைமயிர் இல்லை, வேறு மணம் இல்லை. ஃப்ரீசரில் கறிப் பெட்டிகள் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தன. அவளுடைய உடுப்புகள் எல்லாம் அலுமாரிக்குள் இருந்தன. இரண்டு நாள் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஏதாவது கிடைத்திருந்தால் சண்டை பிடித்துவிட்டுப் படுத்திருப்பேன். கிடைக்காததால் நித்திரை வரவில்லை.

மூன்றாம் நாள் மூவரும் சாப்பிட இருந்தபோது நேராகவே கேட்டேன். எங்களை அனுப்பிவிட்டு இந்த வீட்டில் என்ன செய்தாய், யார் வந்தது?

அவள் தகப்பனைப் பார்த்தாள். கணவர் சோற்றைப் பார்த்தார்.

“ஒருத்தரும் வரேல்லையம்மா. நான் எங்கயும் போகவுமில்லை. லீவு போட்டிட்டு வீட்டில சும்மா இருந்தனான்.”

சும்மா இருக்கவா எங்களைக் கப்பலேற்றினாய் என்று கேட்டேன். நான் கத்தியதாகக் கணவர் பிறகு சொன்னார்.

அவள் கத்தவில்லை. “நீங்கள் இருந்தா எனக்குச் சும்மா இருக்கேலாதம்மா. கண் முழிச்சா, சாப்பிட்டியோ, என்ன யோசிக்கிறாய், ஆரோட கதைச்சனி. மீட்டிங்கில நிக்கிறன், பழத் தட்டோட வந்து நிப்பியள். எனக்கு ஒருத்தரும் ஒண்டும் கேக்காத வீடு கொஞ்ச நாளைக்கு வேணுமாயிருந்தது. I just wanted quiet. நான் வெளிக்கிட்டுப் போனா, என்ர பிள்ளை வீட்டை விட்டுப் போட்டாள் எண்டு நீங்கள் செத்துப்போவியள். அதான் உங்களை அனுப்பினனான்.”

இதைவிட ஒரு பெடியன் இருந்திருக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் அப்படித்தான் நினைத்தேன். பெடியன் என்றால் யார், எந்த ஊர், என்ன வேலை என்று கேட்க எனக்கு ஆயிரம் சொல் இருந்தது. என் குரல் கேட்காத வீடுதான் அவளுக்கு வேண்டியிருந்தது என்றால் அதற்கு நான் என்ன சொல்வது? அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

“உமக்குச் சொல்லேலாமத்தான் பிள்ளை என்னட்டச் சொன்னவள்” என்றார் கணவர். “கீழ பார்க்கிங்கில காருக்குள்ள இருந்து அழுதுகொண்டு நிண்டவள். வேற போக்கிடம் இல்லாமல் அங்க போய் இருக்கிறவளாம்.”

பார்க்கிங் கராஜில். என் பிள்ளை தனிமை தேடிப் போய் இருந்த இடம் அது. கடைக்குப் போகிறேன் என்று அவள் வெளிக்கிட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பிய நாட்களில் நான் அவளுடைய போனைத்தான் சந்தேகப்பட்டேன்.

அப்படியானால் நாங்கள் இல்லாவிட்டால் உனக்குச் சுகம், அப்படித்தானே என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. ஆனால் கேட்காமல் என்னால் எழும்ப முடியவில்லை.

“முதல் நாளுகள் சுகமாத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டன். கடைசியில மனம் உங்களைத் தேடினது. சின்னம்மா கொண்டந்த மீன்கறியைச் சாப்பிடேக்க அழுதனான், உங்கட கைக்கறி மாதிரி இல்லையெண்டு. ஆனா அம்மா, நீங்கள் எந்த நேரமும் பக்கத்தில நிண்டா நான் எப்பிடி உங்களைத் தேடுறது?”

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன். அதன்பிறகு சில நாட்கள் அவளோடு கதைக்கவில்லை. தண்டிப்பதாகத்தான் நினைத்தேன். அவள் நிம்மதியாக வேலை செய்தாள், நன்றாகச் சாப்பிட்டாள், நித்திரை கொண்டாள். நான் கதைக்காமல் இருப்பது அவளுக்குக் கொடுத்த பரிசு என்று விளங்கியபோது எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் ஒரு சனிக்கிழமை கணவரை வெளிக்கிடச் சொன்னேன்.

இப்போது கொரோனாவை ஆட்கள் மறந்துவிட்டார்கள். அவள் கிழமையில் மூன்று நாள் ஒஃபிஸ் போகிறாள். இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் மரக்கறி வாங்குகிறோம் என்று சொல்லிவிட்டு நானும் கணவரும் வெளியே போகிறோம். மரக்கறி வாங்க எவ்வளவு நேரம் எடுக்கும்? மிச்ச நேரத்தில் கென்னடி ரோட்டுக் கடை வளவில் காரை நிறுத்திவிட்டு, ஃப்ளாஸ்க்கில் கொண்டுபோன தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு இருப்போம். கணவர் கதைக்காமல் வெளியே பார்ப்பார். நானும் பார்க்கிறேன். எனக்கு அது லேசில் வருவதில்லை. பிள்ளை இப்போது என்ன செய்கிறாள், உண்மையிலேயே தனியாகத்தான் இருக்கிறாளா என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கும். உந்தக் குணம் என்னைவிட்டுப் போகாது.

போன சனிக்கிழமை பையோடு எங்கள் மாடியில் இறங்கினேன். கணவர் காரை நிறுத்த நின்றுவிட்டார். உள்ளே சத்தமில்லை. காதைக் கதவில் வைக்கலாம் என்று நினைத்தேன், வைக்கவில்லை. திறப்புச் சாவியைக் கையில் எடுத்தேன். பிறகு அதைத் திரும்ப ஹான்ட்பேக்குக்குள் போட்டுவிட்டு பெல்லை அடித்தேன். அவள் எழும்பி வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் நின்றேன்.

கதவைத் திறந்து, “என்னம்மா, திறப்புக் கொண்டு போகேல்லையோ?” என்றாள்.

“கொண்டு போனனான்” என்றேன்.

அவள் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, “வாங்கோ” என்றாள்.